கைநூல் சட்டையும் காணாமற்போன ஊசி முனையும்

ஒரு தையல் ஊசியின் முனை என் மனைவியின் அக்குள் வழியாக உள்ளே நுழைந்து, இரத்தக் குழாயைப் பிடித்து, இருதயத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது என்று நான் நம்பினேன். பகிடி இல்லை. எந்த வளைவில் திரும்பும், எங்கே கொஞ்சம் நின்று மூச்சு வாங்கும் என்றெல்லாம், மலையேறும் மடுல்சீமை பஸ்ஸுக்குக் கணக்குப் போடுவதுபோல மனதுக்குள் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருந்தேன். ஊசி என் மெசினில் உடைந்தது. சட்டை நான் தைத்தது. ஆகவே கொலைகாரனும் நான்தான் என்று முடிவு கட்டி, அதற்கேற்ற முகத்தையும் மாட்டிக்கொண்டேன்.

எதிர் பெஞ்சில் இருந்த அம்மா ஒருவர் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். கொலைகாரன் இரண்டு எடுத்துத் தின்றான்.

மார்பில் புற்றுநோய் வந்த பெண்களின் வீட்டுக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். நோயாளிகளுக்கு எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி என் வீட்டிலேயே இருக்கிறாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்தில் நின்று பதறுவது எப்படி என்பதுதான். அதில் எனக்கு நல்ல தேர்ச்சி.

நான் பதுளை பஜாரில், மாடி அறை ஒன்றில் பெண்களுக்குத் துணி தைக்கிறேன். மனைவி பிலோமினா மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன் அங்கே கொழுந்து பறித்தவள். பிறகு என் கடையில் கொக்கி வைப்பதும் பொத்தான் தைப்பதும் அவள் வேலையாயின. வருகிறவர்களைச் சிரிக்கவைப்பது என் வேலை. தைத்த சட்டை சரியில்லாதபோது அது பெரிதும் கைகொடுக்கும்.

வலது மார்பில் கட்டி இருப்பதை அவளே குளிக்கும்போது கண்டாள். "என்னங்க, நாளைக்கு என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

"எதுக்கு, வேற மாப்பிள்ள பாக்கவா?" என்றேன்.

அதுதான் நான் சொன்ன கடைசிப் பகிடி என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அது பொய். அடுத்த பகிடியை பயாப்சி (கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிப்பது) அறை வாசலிலேயே சொன்னேன். அதற்கடுத்ததை, முடிவு சொல்ல எங்களைக் கூப்பிட்டபோது சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. பயந்தால் என் வாய் தானாக ஓடும் என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

மார்பை எடுத்தார்கள். அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் (உடம்பில் ஊறும் நீரை வடிகட்டிக் கிருமியைத் தடுக்கும் சின்னச் சின்ன மணிகள்) எடுத்தார்கள். பிறகு கீமோ (நரம்பு வழியாக ஏற்றும் புற்றுநோய் மருந்து). பிறகு கதிர்ச் சிகிச்சை (ஒளிந்திருக்கும் நோயணுக்களைக் கதிர்களால் எரிப்பது). தலைமுடி போய்த் திரும்பி வந்தது. பசி போய்த் திரும்பி வந்தது. மார்பு போனது.

எங்கள் டொக்டர் ஒரு சிங்களப் பெண். பதுளை வார்டுகளில் நோயாளிகளோடு பேசிப் பேசியே தமிழ் கற்றவர். வீட்டுக்கு அனுப்பும்போது பிலோமினாவின் வலது கையைத் தன் இரண்டு கைகளிலும் வாங்கிக்கொண்டு சொன்னார்.

"அம்மா, இந்தக் கைக்கு இப்ப காவல்காரன் இல்ல. முடிச்சு எடுத்தாச்சு. ஊசி வேணாம், பிரஷர் பாக்க வேணாம், பாரம் வேணாம். சின்னக் காயம்கூட வேணாம். கை சிவந்தா, காய்ச்சல் வந்தா, நாளைக்குப் பாக்கலாம்னு இருக்க வேணாம்."

அன்றிலிருந்து அந்தக் கைக்கு நான் காவல்காரன் ஆனேன். தேங்காய் துருவ விடவில்லை. கத்தியைத் தொட விடவில்லை. பூனை பக்கத்தில் வந்தால் விரட்டினேன். பிலோமினா ஒருநாள் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "இது கையா, கண்ணாடி அலுமாரியா? வேணும்னா பூட்டிச் சாவியை நீங்களே வச்சுக்கங்க" என்றாள்.

கை ஒரு பிரச்சினை. அதைவிடப் பெரிய பிரச்சினை சட்டை.

கதிர்ச் சிகிச்சை முடிந்த தோல் வெந்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி. தொட்டால் வழுகிக்கொண்டு வந்துவிடுமோ என்று இருக்கும். கடையில் விற்கும் உள்ளாடையைப் போட்டால் அதன் விளிம்பு தழும்பில் ஏறி உட்காரும். நான் தையலை வெளிப்பக்கமாகத் திருப்பித் தைத்தேன். பட்டுப்போன்ற உள்துணி வைத்தேன், வியர்த்துக் கொட்டியது. பழைய சேலையை வெட்டித் தைத்தேன்; அக்குளில் நான்கு துண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு முடிச்சு விழுந்தது. ஊரிலுள்ள பெண்களுக்கெல்லாம் அளவெடுத்தவனுக்குச் சொந்த மனைவிக்கு ஒரு சட்டை தைக்க வரவில்லை.

"எங்க உரசுது?" என்று கேட்பேன்.

"எங்க உரசலன்னு கேளுங்க. வெரசா சொல்லிடலாம்."

துணியை வெட்டினால் ஓரம் வரும். ஓரம் வந்தால் மடித்துத் தைக்கவேண்டும். மடித்தால் தடிக்கும். ஆகவே வெட்டவே தேவையில்லாத துணி வேண்டும் என்று யோசித்தேன். தடித்த மெதுவான பருத்தி நூலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவற்றின் மேல் சிக்சாக் தையல் ஓட்டிப் பிடித்துக்கொண்டே போனால், உடம்பின் வடிவத்துக்கே துணி உண்டாகும். தறி வேண்டாம், வெட்டு வேண்டாம். மூளைக்குள் அது அவ்வளவு அழகாக இருந்தது.

பஜாரில் கிடைத்த பின்னல் நூலெல்லாம் செயற்கை. தோலில் பட்டால் கொதிக்கும். சரி, நூலையும் நாமே நூற்போம் என்று முடிவு செய்தேன். இங்கேதான் என் மேதாவித்தனம் ஆரம்பம். வீட்டிலிருந்த தலையணையைக் கிழித்து இலவம் பஞ்சை எடுத்தேன். பருத்தியும் பஞ்சு, இலவமும் பஞ்சு, இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

இலவம் பஞ்சு முறுக்குப் பிடிக்காது. வழுவழுவென்று விரலைவிட்டு ஓடும். ஊதினால் பறக்கும், தும்மினால் கடையே மூடிக்கொள்ளும். புருவமெல்லாம் வெள்ளையாக நான் நின்றதைப் பார்த்து பிலோமினா சிரித்தாள். தையல் பிரித்த இடம் இழுக்கிறது என்று இடது கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெகு காலத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. ஒரு தலையணை போனதுதான் நட்டம்.

மொனராகலைப் பக்கத்திலிருந்து சட்டை தைக்க வரும் ஒரு அம்மாவின் வேலியோரத்தில் பருத்திச் செடிகள் இருந்தன. அவர் ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். குடைக்கம்பி ஒன்றை நேராக்கி, தேங்காய்ச் சிரட்டையில் வட்டம் வெட்டி அதில் செருகி, தக்கிளி (சுழற்றிவிட்டு நூல் நூற்கும் கம்பி) செய்தேன். என் கையில் நூல் ஒரு முழம் வரும், அறுந்துவிடும்.

"குடுங்க இங்க" என்று பிலோமினா வாங்கினாள்.

அவள் விரல்களுக்கு அது சட்டென்று பிடிபட்டது. பெருவிரலும் சுட்டுவிரலும் பஞ்சைத் தொட்டுத் தொட்டு விட, நூல் நீண்டுகொண்டே வந்தது. நூல் நீள நீள வலது கையும் மேலே ஏறியது. அதைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டேன், எனக்கே ஆச்சரியமாக. ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கொடுத்த பயிற்சி, சுவரில் விரல்களால் மேலே மேலே ஏறுவது. "நான் என்ன பல்லியா?" என்று அவள் அதைப் பாதியில் விட்டிருந்தாள். தோள் இறுகிக்கொண்டு வந்தது. இப்போது அதே கை, தன்னை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, தலைக்கு மேலே போனது. பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண்ணிடம் கேட்டோம். களைப்பு வருமுன் நிறுத்தினால் தாராளமாகச் செய்யலாம் என்றார்.

நூல் சேர்ந்தது. துணிதான் சேரவில்லை.

மெல்லிய தாளில் நூலை வரிசையாக வைத்துத் தைத்து, தாளை நனைத்துக் கிழித்து எடுத்தேன். முதல் துண்டு கால்மிதிபோல விறைத்து நின்றது. தையலை நெருக்கிப் போட்டுவிட்டேன். இரண்டாவது மெதுவாக வந்தது, கழுவிக் காயவைத்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்து திருகிக்கொண்டது. முறுக்கு அதிகமான நூல், நனைந்தால் தன் புத்தியைக் காட்டும். அதன் பிறகு நூலை முதலில் நனைத்து, பாரம் கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்தோம். மூன்றாவது தடவை வரிசை வேண்டாம் என்று நடுவிலிருந்து நத்தைபோலச் சுற்றிச் சுற்றித் தைத்தேன். வட்டம் பெருக வேண்டியது, ஓரம் எழும்பிக் கிண்ணமாகிவிட்டது.

அந்தச் சமயத்தில் பிலோமினாவின் தங்கை ரீத்தா வந்தாள். மடுல்சீமையில், பிறந்த அதே தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருக்கிறாள். இன்னும் கொழுந்து பறிக்கிறாள். அக்கா புருசனைக் கிண்டல் செய்ய அவளுக்குப் பிறப்புரிமை உண்டு. கிண்ணத்தை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

"மச்சான், இது சட்டையா, இல்ல தொரைக்குத் தச்ச தொப்பியா?"

"ஒன் தலைக்கு அளவெடுத்ததுதான். உள்ள ஒண்ணும் இல்லாததால ஆழம் கொறைச்சுட்டேன்."

பிலோமினா தங்கையின் தலையிலிருந்து அதை எடுத்தாள். சட்டைக்கு மேலாக வலது பக்கத்தில், ஒன்றுமில்லாத இடத்தில், வைத்துப் பிடித்தாள். வாடிக்கையாளர்களுக்காக மாட்டிய பெரிய கண்ணாடிக்கு முன் போய், முதலில் நேராகவும் பிறகு பக்கவாட்டிலும் நின்றாள். ரீத்தாவும் நானும் தரையைப் பார்த்தோம்.

"இன்னும் கொஞ்சம் ஆழம் வேணும்" என்றாள் பிலோமினா.

ஆழம் வைத்தேன். முன்பக்கமும் அக்குளும் முழுக்க அவள் நூற்ற நூல். முதுகுக்குக் கழுவிக் கழுவி மெலிந்த பழைய பருத்திச் சேலை. வலது பக்கக் கிண்ணத்துக்குள் மிஞ்சிய பஞ்சு. ஓரம் ஒன்றுகூடத் தோலில் படாத உள்சட்டை.

கடைசி வரியில்தான் அது நடந்தது. கையால் நூற்ற நூல் ஒரே சீராக இருக்காது, இடையிடையே புடைத்திருக்கும். அப்படி ஒரு புடைப்பில் மெசின் ஏறி, டக்கென்று ஊசி உடைந்தது. மேல்பாதி மெசினில் நின்றது. முனையைக் காணோம்.

காந்தத்தை எடுத்து மேசை, தரை, என் மடி எல்லாம் தடவினேன். சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கசக்கிப் பார்த்தேன். இல்லை. எங்கேயோ பறந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். தையல்காரனுக்கு ஊசி உடைவது என்ன பெரிய செய்தியா? அதற்குள் பிலோமினா வந்து, "முடிஞ்சிச்சா?" என்று கையை நீட்டினாள். அந்தக் கையில் கொடுக்காமல் இருக்க எனக்குத் தெம்பில்லை. ஊசியைப் பற்றிப் பேசவும் இல்லை.

அவள் உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். கைகளைத் தூக்கினாள், இறக்கினாள், பின்னால் கட்டினாள். "உரசல" என்றாள். எவ்வளவோ சட்டை தைத்திருக்கிறேன், அப்படி ஒரு பாராட்டு கிடைத்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை, ஆபரேசனுக்குப் பிறகு முதன்முறையாக, தனியாக பஸ் ஏறி ரீத்தா வீட்டுக்குப் போனாள். ஞாயிறு சாயந்தரம் திரும்பினாள். பூசைக்குப் போனோம், கோழி அடிச்சோம், பேசிக்கிட்டு இருந்தோம் என்றாள். முகம் களைத்திருந்தது. ஆனால் நல்ல களைப்பு.

செவ்வாய்க்கிழமை பகலில், கடையில் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தவள் ஊசியைக் கீழே வைத்தாள். "குளிருதுங்க" என்றாள். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சால்வையைப் போர்த்தினேன். பல் அடிக்க ஆரம்பித்தது. சட்டையின் கையை மேலே தள்ளிப் பார்த்தேன்.

முன்கையிலிருந்து மேலே சிவப்பு ஏறியிருந்தது. திட்டுத் திட்டாக இல்லை, ஒரே விரிப்பாக. கை வீங்கி, அப்போதுதான் தணல் போட்ட இஸ்திரிப்பெட்டிபோலச் சுட்டது. சிவப்பின் மேல்நுனி அக்குள் பக்கம் எட்டிக்கொண்டிருந்தது. நான் தைத்த சட்டையின் ஓரமும் அங்கேதான் இருந்தது.

ஊசி.

த்ரீவீலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். குலுங்கினால் ஊசி நகரும்.

"ஏங்க கையை இப்படிப் பிடிச்சிருக்கீங்க? வலிக்குது."

"சும்மா."

"சும்மாவா? திருடனைப் பிடிச்ச மாதிரி பிடிச்சிருக்கீங்க."

இப்போது யோசித்தால், ஊசியை நம்பியது எனக்கு ஒரு வசதி என்று தோன்றுகிறது. ஊசி என்றால் எடுத்துவிடலாம். ஊசிக்குப் பின்னால் இன்னொரு சொல் நின்றுகொண்டிருந்தது. நோய் திரும்பிவிட்டது என்ற சொல். அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கக் கூடாது என்றுதான் நான் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கும் அப்படி ஏதாவது ஒரு ஊசி இருக்கும்.

வார்டில் எங்கள் டொக்டரே இருந்தார். கையைத் தொட்டுப் பார்த்தார். விரல்களை விரித்து, முழங்கை, அக்குள், தழும்பு எல்லாம் பார்த்தார்.

"காயம் ஏதாவது பட்டதா அம்மா? கீறல்? பூச்சிக்கடி?"

"இல்ல டொக்டர்" என்றாள் பிலோமினா, கண்ணை மூடிக்கொண்டு.

"டொக்டர்" என்றேன். "அவ போட்டிருக்கிற சட்டையில ஒரு ஊசி இருக்கு."

"என்ன ஊசி?"

"பதினெட்டாம் நம்பர்."

டொக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். காய்ச்சலில் கிடந்த பிலோமினாவும் கண்ணைத் திறந்தாள். "ஊசியா? எப்ப?"

எல்லாவற்றையும் சொன்னேன். நூல் புடைப்பு, உடைந்த சத்தம், காந்தம், பறந்திருக்கும் என்று நினைத்தது. சொல்லச் சொல்ல வாக்கியங்கள் தேவைக்கு அதிகமாக நீண்டன. டொக்டர் நடுவில் கையைக் காட்டி நிறுத்தினார். தோளுக்கும் நெஞ்சுக்கும் எக்ஸ்ரே எழுதினார். இடது கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றச் சொன்னார். சட்டையைக் கழற்றி என்னிடம் தந்தார்கள்.

அந்தச் சட்டையோடுதான் நடையில் உட்கார்ந்திருந்தேன். விரலால் தடவினேன். தையல் வேலை செய்த விரலில் தோல் தடித்திருக்கும். மெல்லிய முனை தெரியாது. அதனால் கன்னத்தில் வைத்து அழுத்தினேன். பிறகு உதட்டால், ஒவ்வொரு வரியாக, நடுவிலிருந்து சுற்றிக்கொண்டே போனேன். குத்தினால் குத்தட்டும், இருப்பது இங்கேயே இருக்கட்டும் என்று. பட்டப்பகலில், நாலு பேர் நடமாடும் ஆஸ்பத்திரியில், நரைத்த தலையோடு ஒரு ஆள் பெண்பிள்ளையின் உள்சட்டைக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தான். பிஸ்கட் அம்மா இடம் மாறி உட்கார்ந்தார்.

எதுவும் குத்தவில்லை.

எக்ஸ்ரே வந்தது. டொக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"ஊசி இல்ல ஐயா. நல்லாப் பாருங்க. எலும்பு மட்டும்தான்."

"பின்பக்கம் ஒளிஞ்சிருக்குமோ?"

"இரும்பு ஒளியாது." அவர் படத்தை இறக்கினார். "இது செல்யுலைட்டிஸ் (தோலுக்கு அடியில் பரவும் கிருமித் தொற்று). முடிச்சு இல்லாத கையில சுறுசுறுப்பாப் போகும். எங்கேயோ ஒரு வழி கிடைச்சிருக்கு. அந்தப் பழைய நோய் மாதிரி தெரியல. ஆனா இது இரத்தத்தில ஏறினா மோசம். இன்னைக்கும் நாளைக்கும் கவனமாப் பாக்கணும்."

பிறகு ஒரு பேனாவை எடுத்தார். சிவப்பு எங்கே முடிகிறதோ அந்த ஓரத்தைச் சுற்றி, பிலோமினாவின் தோலிலேயே கோடு போட்டார். சிவப்பு கோட்டுக்கு உள்ளே சுருங்கினால் மருந்து பிடிக்கிறது. கோட்டைத் தாண்டினால் பிடிக்கவில்லை.

என் வாழ்நாளில் எத்தனை கோடு போட்டிருப்பேன். சோக்கட்டியால் போட்டு, தட்டினால் போய்விடும் கோடுகள். இந்தக் கோட்டை நான் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பதால் சிவப்புக்குப் பயம் வரும் என்பதுபோல.

சாயந்தரம் பார்வையாளர் நேரம் முடியப்போகும்போது, தோள்பக்கம் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தது. அரை விரல் அகலம்தான். பிலோமினாவிடம் நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. காய்ச்சலில் ஏதோ பேசினாள். ரீத்தாவிடம் கூடையை இறக்கு என்றாள். தாதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் டொக்டரைக் கூப்பிட்டார். மருந்தை மாற்றினார்கள். என்னை வெளியே போகச் சொன்னார்கள். படிக்கட்டில் இறங்கும்போது ஒரு பகிடி யோசித்துப் பார்த்தேன். வரவில்லை. அப்போதுதான் உண்மையில் பயந்தேன்.

காலையில் போனபோது சிவப்பு அதே அரை விரலிலேயே நின்றது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. மத்தியானமும் அப்படியே. மறுநாள் காலையில், சிவப்பு கோட்டுக்கு உள்ளே இறங்கி, இரண்டுக்கும் நடுவில் வெறும் தோல் தெரிந்தது. அவளுடைய சொந்த நிறத்தில், ஒரு நாடா அகலத்துக்கு.

"என்னாத்த அப்படிப் பாக்குறீங்க?" என்றாள். குரல் பழைய குரல்.

"ஒன்னையத்தான்."

"இவ்வளவு நாளும் பாத்ததில்லையோ?"

வீட்டுக்கு வந்த பிறகும் மாத்திரை தொடர்ந்தது. பேனாக்கோடு குளிக்கக் குளிக்க மங்கிப்போனது. கை மட்டும் முழுதாகப் பழைய அளவுக்கு வரவில்லை. நிணநீர் வீக்கம் (வடிய வழியில்லாத நீர் கையில் தங்குவது) இனிமேல் கூடவே இருக்கும், குறையும், ஏறும் என்றார் டொக்டர். அதற்கென்று ஆஸ்பத்திரியில் அளந்து கொடுத்த, கை முழுதும் மூடும் இறுக்கமான உறையை அவள் போடுகிறாள். அதை நான் தைக்கவில்லை, தைக்கப்போவதுமில்லை. அது மருத்துவ வேலை என்று எனக்குச் சொல்லிவிட்டார்கள்.

தினமும் காலையில் அவள் கையை அளக்கிறேன். சாயந்தரமும் அளக்கிறேன். இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு உடம்புக்கு ஒரு அளவு என்று நம்பித்தான் இத்தனை காலமும் தொழில் செய்தேன். இப்போது யாராவது அளவு கொடுக்க வந்தால், நாடாவைப் போடும்போது, இது இந்த நேரத்து அளவு மட்டும்தானே என்று தோன்றுகிறது. "வெள்ளிக்கிழமை வாங்க" என்று வாய் கூசாமல் சொல்லுகிறவன் நான். அந்த வெள்ளிக்கிழமையில் யார் யார் எப்படி இருப்போம் என்ற நினைப்பு இப்போது கூடவே வருகிறது. அது வருத்தம் இல்லை. பக்கத்தில் வந்து உட்காருகிற ஒரு ஆள்மாதிரி, அவ்வளவுதான்.

ஆனால் உள்சட்டையை நான் அவளிடம் கொடுக்கவில்லை. மேசை லாச்சிக்குள் வைத்திருந்தேன். எக்ஸ்ரேயும் டொக்டரும் சொன்னது ஒரு பக்கம். சட்டையைப் போட்டாள், கை சிவந்தது என்பது இன்னொரு பக்கம். கைநூலில் ஏதோ அழுக்கு, பருத்தியில் ஏதோ பூச்சி, என் கையில் ஏதோ பாவம். ஒருநாள் பகலில், அவள் சாப்பிட்டுப் படுத்திருக்கிறாள் என்று நினைத்து, சட்டையை எடுத்து மேசையில் விரித்துக் கத்தரிக்கோலை வைத்தேன்.

"என்ன செய்றீங்க?"

கதவருகே நின்றாள்.

"வெட்டிப் போட்டுடலாம்னு."

"எதுக்கு?"

"இதைப் போட்டதாலதானே எல்லாம் வந்திச்சு."

"வைங்க கத்திரியை."

"பிலோ, நான் வேற தச்சுத் தாரேன். கடைத் துணியில."

"வெட்டாதீங்கங்க!" அவள் வந்து சட்டையை இழுத்தாள், வலது கையால். "அதுனால வரல. நான் கொழுந்து பறிச்சேன்."

எனக்கு விளங்கவில்லை. "எங்க?"

"ரீத்தா கூட. அன்னைக்கு ஞாயித்துக்கெழம. கைக்காசு வேலை இருந்திச்சு." சட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "அவ நெரையில (கொழுந்து பறிக்கும் செடி வரிசை) சும்மாதான் போய் நின்னேன். இதைப் போட்டிருந்ததால ஒரு உரசலும் இல்ல. கையைத் தூக்கிப் பாத்தேன், போச்சு. எட்டிப் பாத்தேன், எட்டிச்சு. அப்புறம் எப்படிங்க நிப்பாட்டுறது?"

"டொக்டர் காயம் இருக்கான்னு கேட்டப்ப?"

"நீங்க பக்கத்துல நின்னீங்களே. தேங்காகூடத் துருவ விடாத மனுசன்."

ரீத்தாவுக்குப் போன் போட்டேன். ஏசுவதற்காகத்தான் போட்டேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அக்கா கொழுந்தை மறைச்சா, நீங்க ஊசியை மறைச்சீங்க. பொருத்தம் பாத்துத்தான் கட்டி வச்சிருக்காங்க மச்சான்" என்றாள். பிறகு குரல் இறங்கி, "அன்னைக்கு அக்கா பாடிக்கிட்டே பறிச்சா. என்னால வேணாம்னு சொல்ல முடியல" என்றாள்.

அடுத்த கிளினிக்கில் பிலோமினாவே டொக்டரிடம் சொன்னாள். நான் வெளியே நின்றேன்.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என் மனைவி தங்கையின் நெரையில் நின்று, கொழுந்தை எடை போட்டு அன்றே காசு கொடுக்கும் கைக்காசு வேலைக்கு, வலது கையால் கொழுந்து பறித்தாள். வெட்டிவிட்ட தேயிலைக் கொப்பு ஒன்று பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில், மடிப்புக்குள், கீறியது. கொஞ்சமாக இரத்தம் வந்தது. அவள் அதைப் பாவாடையில் துடைத்துவிட்டுத் தொடர்ந்து பறித்தாள்.